பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

வாரியக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஏழைப் பெண்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு இருந்தது. நிதி ஒரு கம்பெனியுடையது. சாவி சங்கச் செயலாளர் குலோத்துங்கனுடையது. திறந்துவிடச் சொன்னால், "உங்க கை பட்டா கெட்டுப்போயிடும்" என்பார். அங்கே பெருக்கும் தேசம்மாளோ, தன் விதவைப் பென்ஷன் மனு என்ன ஆனது என்று பார்க்கக்கூடப் பிரவுசிங் சென்டர்க்காரனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

கம்பெனி அதிகாரியம்மா பார்வையிட வந்த அன்று செயலாளர் பெண்களை மிரட்டினார். "எல்லாம் கத்துக்கிட்டோம்னு சொல்லணும். மாத்திப் பேசினா நிதி நின்னுடும், ஜாக்கிரதை!"

அதிகாரியம்மா தேசம்மாளைத்தான் கேட்டார். "என்னம்மா கத்துக்கிட்டீங்க?"

"சார் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் கத்துக்கிட்டேம்மா. செஞ்சே காட்டுறேன்."

செயலாளர் முகம் மலர்ந்தது. தேசம்மாள் முந்தானையால் திரையைத் துடைத்தாள். வரவேற்புத் தட்டிலிருந்த சந்தனத்தைத் தடவி, குங்குமப் பொட்டு வைத்தாள். சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிளாஸ்டிக் உறையை மாட்டினாள். எல்லாரையும் வெளியே அனுப்பி, பூட்டிலேயே தொங்கிய சாவியால் கதவைப் பூட்டினாள்.

"இவ்வளவுதாம்மா எங்க வகுப்பு. வருஷத்துக்கு ஒரு தரம், ஆயுத பூஜை அன்னிக்கு நடக்கும்."

குலோத்துங்கன் பாய்ந்து சாவிக்குக் கை நீட்டினார்.

"நிதி வரும். சாவி இவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் அதிகாரியம்மா.

தேசம்மாள் சாவியை இடுப்பில் செருகினாள். "பூட்டுறதுக்கு நல்லாவே கத்துக்கொடுத்தீங்க சார். திறக்குறதை நாங்க பாத்துக்குறோம்."