கடல்கிட்ட வேட்டி கேட்ட பாட்டுக்காரன்

ஒரு ஊர்ல ஒரு பாட்டுக்காரன் இருந்தான், பேரு வைரக்கண்ணு. தஞ்சாவூர்ப் பக்கம், வயலும் வாய்க்காலுமா இருக்குற ஊரு. தவளை கத்துனா ஒரு பாட்டு, நாத்து முளைச்சா ஒரு பாட்டு, எருமை திரும்பிப் பாத்தா அதுக்கும் ஒரு பாட்டு. 'ம்' சொல்லுடா, சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

அவன் ஒருநாள் கோயில் திருவிழாவுல பாடுனான். அதைக் கேக்க கடக்கரையில இருந்து கன்னியம்மான்னு ஒரு பொண்ணு வந்திருந்தா. கேட்டவ சொக்கிப் போயிட்டா. அவளைப் பாத்ததும் இவனுக்குப் பாட்டு பாதியில மறந்து போச்சு. அப்புறம் என்ன, கட்டுனா இந்தப் பாட்டுக்காரரைத்தான் கட்டுவேன்னு வீட்டுல போயி சொல்லிட்டா.

அவ அப்பா பேரு அஞ்சாப்புலி. பேரே அப்படின்னா மீசை எப்படி இருக்கும், பாத்துக்க. அவருக்கு ஒரு கரைவலை இருந்துச்சு. படகுல போயி வலையை வளைச்சுப் போட்டுட்டு வருவாங்க, கரையில நாப்பது பேரு கயித்தப் புடிச்சு இழுப்பாங்க. ஒருத்தர் பாடணும், மத்தவங்க 'ஏலேலோ'ன்னு சேந்து இழுக்கணும். பாட்டு இல்லேன்னா ஆளுக்கொரு பக்கம் இழுத்து வலை வராது. அப்போ பாத்து அங்க பாடுறவருக்குத் தொண்டை கட்டிப் போச்சு. வைரக்கண்ணு பொண்ணு கேட்டு வந்து நின்னதும் அப்பத்தான்.

"மூணு நாள் பாடுங்க தம்பி. வலை நெறைய மீன் வந்தா பொண்ணு உங்களுக்கு. வரலேன்னா வந்த வழியப் பாத்துப் போயிடுங்க"ன்னாரு அஞ்சாப்புலி.

மொத நாள் வைரக்கண்ணு மணல்ல துண்டை விரிச்சு, சம்மணம் போட்டு உக்காந்தான். தாமரைக் குளத்தைப் பாடுனான், கதிரு தலை சாயுறதைப் பாடுனான். இழுத்துக்கிட்டு இருந்த ஒரு பெரியவரு நின்னுட்டாரு. "தம்பி, கதிரு சாஞ்சா சோறு. வலை சாஞ்சா எங்களுக்குப் பட்டினி." எல்லாரும் சிரிச்சாங்க, சிரிச்சதுல கை தளந்துச்சு, சர்ர்ர்னு கயிறு கடலுக்கே போச்சு.

ரெண்டாம் நாள் கடலையே பாடுனான். நீலப்பட்டு, நுரைப்பூ, அலைத் தொட்டில்னு ஒரே கொஞ்சல். கேட்டவங்களுக்குக் கண்ணு சொருகிடுச்சு. நாப்பது பேரும் கயித்தப் புடிச்சபடியே, கொர்ர்ர். வலையில வந்தது தொட்டா அரிக்குற நாலு சொறிமீனும் ஒரு பழைய செருப்பும். நீ தூங்கிட்டியா?

ம்ஹூம்.

வைரக்கண்ணுக்கு அழுகையே வந்துடுச்சு. கன்னியம்மா வந்து பக்கத்துல உக்காந்தா. "நாங்க யாரும் கடலை இப்படிக் கொஞ்ச மாட்டோம். மீனு குடுன்னு கேப்போம், குடுக்கலேன்னா திட்டுவோம், மறுபடி அதுகிட்டயேதான் போவோம். நீங்க இன்னும் கால்கூட நனைக்கலையே"ன்னா.

மூணாம் நாள் துண்டை மடிச்சு வச்சுட்டு, தண்ணியில எறங்கிக் கயித்தப் புடிச்சான். உள்ளங்கை எரியுது. வாயில உப்பு. கால் கட்டைவிரலை ஒரு நண்டு நறுக்குன்னு கடிச்சுச்சு. அப்போ வந்துச்சு பாரு ஒரு அலை, தொபுக்! போகும்போது அவன் வேட்டியையும் உருவிக்கிட்டே போச்சு.

கயித்த விட்டா கன்னியம்மா போயிடுவா, விடலேன்னா வேட்டி போயிடும். பாவம், என்ன பண்ணுவான்? கயித்த இறுக்கிப் புடிச்சுக்கிட்டுக் கடலைப் பாத்துக் கத்துனான்.

"ஏ கடலே!"
ஏலேலோ!
"வேட்டியக் குடு!"
ஏலேலோ!
"மானத்தை வாங்கிட்ட!"
ஏலேலோ!
"மீனையாச்சும் குடு!"
ஏலேலோ!

நாப்பது கையும் ஒரே கையா இழுத்துச்சு. சளக் சளக்னு துள்ளிக்கிட்டு வலை நெறைய மத்தியும் நெத்திலியும் கரையேறிடுச்சு. ஊரே கூடைய எடுத்துக்கிட்டு ஓடிவந்துச்சு. பாடுனவனை மட்டும் காணோம். பாத்தா, இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, கூப்பிடக் கூப்பிட வரமாட்டேங்குறான்.

அஞ்சாப்புலிக்குப் புரிஞ்சு போச்சு. வீட்டுக்குப் போயி, மகள் கல்யாணத்துக்குன்னு பொட்டியில வச்சிருந்த பட்டு வேட்டியைக் கொண்டாந்தாரு. தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு அவரே தண்ணியில எறங்குனாரு.

"எங்க ஊர்க்காரன் மாதிரியே கடல்கிட்ட சண்டை போடுறீங்க. இந்தாங்க மாப்ள, கட்டிக்கிட்டு வாங்க"ன்னாரு.

எல்லா மாப்பிள்ளையும் மணவறையில வேட்டி வாங்குவாங்க. நம்ம வைரக்கண்ணு நடுங்கிக்கிட்டே, இடுப்பளவு தண்ணியில வாங்குனான்.

வலை கரைக்கு வந்தாச்சு, கதையும் வந்தாச்சு. காலை என் மேலருந்து எடுத்துட்டுத் தூங்கு.