நடுவில் விழுந்த ஊர்

மீன்வளத் துறையில் ஓய்வு பெற்றபின் புள்ளியியல் படிக்க வந்தவர் அருளப்பன். அவருடைய ஆசிரியை இஸ்மத்துக்கு அவர் மகள் வயதுதான்.

காயலோர ஊர்களைப் பற்றி அவரிடம் மூன்று அட்டவணைகள் இருந்தன: தண்ணீர், மீன், பறவை. மூன்றையும் சேர்த்து மென்பொருள் ஒரே படமாக வரைந்திருந்தது. ஊருக்கு ஒரு பெரிய புள்ளி, மூன்றின் சராசரி. அதிலிருந்து மூன்று மெல்லிய கோடுகள். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஓர் அட்டவணை அந்த ஊரை வைத்த இடம். வெள்ளைத் திரையில் அவை மிதப்பதுபோல் இருந்தன. அருளப்பன் சொக்கிப்போனார்.

மற்ற ஊர்களுக்கெல்லாம் கோடுகள் குட்டை. பனையடிக்குப்பத்துக்கு மட்டும் தண்ணீர் ஒரு கோடியில், மீன் மறு கோடியில், பறவை எங்கோ மேலே. அதன் பெரிய புள்ளி நட்டநடுவில் சாதுவாக இருந்தது.

"இந்தக் கோடுகளை எடுத்துடலாமா மேடம்? எந்த ஊருக்கு மருத்துவ முகாம்னு அடுத்த வாரம் கலெக்டர் முடிவு பண்றார். படம் ஒரே சிக்கலா இருக்கு."

"எடுங்க சார்."

எடுத்தார். படம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. நடுவில் விழுந்தால் குறையில்லாத ஊர் என்று கணக்கு; அதற்கு முகாம் தேவைப்படாது.

இஸ்மத் பனையடிக்குப்பத்தின் புள்ளியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக நழுவி மறைந்தன. வெண்மை மட்டும் மிஞ்சியது.

"எந்த அட்டவணை சார் இந்த இடத்தைச் சொல்லுச்சு?"

அருளப்பன் யோசித்தார். "எதுவுமே சொல்லல."

"அப்ப இங்க யார் இருக்காங்க?"

மறுநாள் விடியலில் அருளப்பன் அந்த ஊருக்குப் படகில் போனார். பனியில் வானமும் நீரும் ஒட்டிக் கிடந்தன. படகைச் சுற்றி மீன்கள் துள்ளின. ஒரு வலையைக்கூடக் காணோம். கரையில் கவிழ்த்துப் போட்ட தோணிகள்மேல் நாரைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

குடிசை வாசலில் ஒரு பெண், கணவனின் காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"மீன் கொள்ளையா கிடக்குங்கய்யா. பிடிக்கத்தான் ஆளில்ல. தண்ணில கால வச்சா புண்ணாகுது."

அவர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

திரும்பி வந்ததும் கணினி முன் உட்கார்ந்து, எடுத்த கோடுகளை மறுபடி வரைந்தார். இஸ்மத் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"மூணும் மூணு விதமா சொல்லுதே, இதுல எது சரின்னு கலெக்டர் கேட்டா?"

"அவருக்குப் படகுத்துறைக்கு வழி சொல்லுங்க."