ராஜாவுக்கு முதலில் வைத்த பேர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் பேரை மட்டும் கேட்காதீர்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். அவருக்கு முப்பத்திரண்டு பட்டப்பேர்கள். அவர் சபைக்கு வரும்போதெல்லாம் கட்டியக்காரன் சங்கிலி மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் கூவுவான். அதன் பிறகுதான் ராஜாவின் வலது கால் உள்ளே வரும்.

ஒருநாள் ராஜா ஏகாதசி விரதம் முடித்து, கொலைப்பசியோடு இலை முன் உட்கார்ந்தார். ஆவி பறக்கச் சோறு விழுந்தது. வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் நின்ற நிகண்டுப் புலவர் திருமேனியாரிடம், "புலவரே, இதற்கு எத்தனை பேர் உண்டு?" என்று கேட்டு வைத்தார்.

கேட்டிருக்கக் கூடாது. ஒரு பொருளுக்கு எத்தனை பேர் உண்டோ அத்தனையையும் தேடிப் பிடித்து ஏட்டில் எழுதுவதுதான் அந்தப் புலவரின் வேலை. பதினெட்டு வருஷமாக அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, "அன்னம், அடிசில், அமுது, அயினி, உண்டி, சொன்றி, புகா, பொம்மல், போனகம், மூரல்..." என்று ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேறு. கேட்டுவிட்டு நடுவில் கை வைப்பது மரியாதையில்லை என்று ராஜாவும் காத்திருந்தார். புலவர் கண்ணைத் திறந்தபோது நெய் உறைந்திருந்தது. சோறு விறைத்துப்போயிருந்தது.

"பேரைத் தின்றால் வயிறு நிறையுமா?" என்று ராஜா எழுந்துவிட்டார். "இன்று முதல் என் நாட்டில் ஒன்றுக்கு ஒரு பேர்தான்! இவருடைய ஏடுகளெல்லாம் பௌர்ணமியன்று வெந்நீர் அடுப்புக்குப் போகட்டும்!"

பசித்தவர் கோபம் சாப்பிட்டால் தணிந்திருக்கும். ஆனால் முதல் மந்திரியான பிரதானி அரிமர்த்தனர் அதைத் தணிய விடவில்லை. சபையில் விகடகவி உலகப்பன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் பிரதானிக்கு வயிறு எரியும். நல்ல சமயம் வாய்த்தது என்று உடனே ஓலையும் எழுத்தாணியும் வரவழைத்து, தம் கையாலேயே சாசனம் எழுதினார்: 'இந்நாட்டில் உள்ள எதற்கும் முதலில் இட்ட பேர் எதுவோ, அதுவே பேர். இரண்டாம் பேர் சொன்னவருக்கு அன்று சோறு இல்லை.'

ராஜா முத்திரை வைத்ததும் பிரதானி குழைந்தார். "மகாராஜா, இதற்குக் காவலாக உலகப்பனை நியமிப்போம். அவரைவிடக் கூர்மையான காது யாருக்கு? பௌர்ணமி சபையில் ஒன்றுக்கு இரண்டு பேர் காதில் விழுந்தால், காவல் தவறியதற்காக உலகப்பன் நாட்டை விட்டே போய்விடட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

உலகப்பன் தலையாட்டிவிட்டு வந்தான். பிரதானி ஏன் அப்படி இளித்தார் என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. போகிற வழியில் புலவர் வீட்டை எட்டிப் பார்த்தான். திருமேனியார் பதினெட்டு வருஷத்து ஏடுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"எரியப்போகிற ஏட்டுக்குத் தூசி எதற்கு, புலவரே?"

"பழக்கம் அப்பா," என்றார் அவர். உலகப்பன் ஒரு ஏட்டை எடுத்துத் தன் மேல்துண்டால் துடைத்து வைத்துவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் கட்டியக்காரன் சங்கிலி உலகப்பனைத் தேடி வந்தான். "சாமி, பௌர்ணமிக்குப் பக்கத்து நாட்டுத் தூதருங்க வர்றாங்களாம். முப்பத்திரண்டையும் ஒண்ணு விடாம கூவணும்னு பிரதானி தனியா கூப்பிட்டுச் சொன்னாரு."

அப்போதுதான் உலகப்பனுக்கு உறைத்தது. சங்கிலி கூவினால் ஒரே ஆளுக்கு முப்பத்திரண்டு பேர் சபையின் காதில் விழும். உலகப்பன் நாட்டை விட்டுப் போகவேண்டும். கூவாமல் நிறுத்தினாலோ, தூதர்கள் முன் ராஜாவை அவமதித்த குற்றம், தலை போகும். 'அடேயப்பா, இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டாரே!' என்று வியந்தான். பிறகு சாசனத்தை இன்னொரு முறை படித்தான். படித்தவன் நேரே ராஜமாதாவின் அரண்மனைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அந்த அம்மாள் முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பௌர்ணமி வந்தது. சபை நிறைந்தது. தூதர்கள் முன்வரிசையில், புலவரின் ஏட்டுக்கட்டுகள் வாசலோரம். பிரதானி, உலகப்பன் ஊரைவிட்டுப் போகும் அழகைப் பார்க்க வசதியாக உட்கார்ந்திருந்தார். சங்கிலி முன்னே வந்தான். உலகப்பனை ஒருமுறை பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கூவினான்:

"குப்பாண்டி வருகிறார்! பராக்! பராக்!"

ராஜாவின் வலது கால் அந்தரத்தில் நின்றது. தூதர்கள் பின்னால் திரும்பி, எந்தக் குப்பாண்டி என்று தேடினார்கள்.

"யார் சொல்லிக் கூவினாய்?" ராஜாவின் கை உடைவாளுக்குப் போனது.

"நான்தான், மகாராஜா," என்று உலகப்பன் வணங்கினான். "சாசனத்துக்குக் காவல் நான். முதலில் இட்ட பேரே பேர். தங்களுக்கு முதலில் இட்டது இதுதான். மற்ற முப்பத்திரண்டும் பின்னால் வந்தவை."

"அரசர் ஒரு பொருளா? சாசனம் பொருள்களுக்குத்தான்!" என்று பிரதானி துள்ளினார்.

"தாங்கள் கைப்பட எழுதியது 'இந்நாட்டில் உள்ள எதற்கும்' என்றல்லவா? நம் மகாராஜா இந்நாட்டில் இல்லையா? சரி, அவரை விடுவோம். தங்கள் சொந்த ஊருக்கும் ஆள் அனுப்பியிருந்தேன். அரிமர்த்தனர் என்பது தங்களுக்கு முதலில் இட்ட பேர் அல்லவாமே. சொல்லட்டுமா?"

பிரதானி வேர்த்து வழிய உட்கார்ந்துவிட்டார். ஆனால் ராஜாவின் கை இன்னும் வாளிலேயே இருந்தது. "குப்பாண்டியா? யார் வைத்தது?"

"நான்தாண்டா வச்சேன்!" திரைக்குப் பின்னாலிருந்து ராஜமாதாவின் குரல் வந்தது. "உனக்கு முன்னாடி மூணு பிள்ளையைப் பறிகொடுத்தேன். நீ பிறந்ததும் உன்னை முறத்தில வச்சு, குப்பைமேட்டில போட்டு, வாசல் கூட்டுறவளை எடுக்கச் சொல்லி, அவகிட்ட ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கிட்டேன். எமனுக்குக்கூட வேண்டாம்னு தோணட்டும்னு குப்பாண்டின்னு பேர் வச்சேன். அந்தப் பேர்தான் உன்னைக் காப்பாத்துச்சு. அப்புறம் வந்ததெல்லாம் ஊரு ஆசையா வச்சது. எதைடா அழிப்பே?"

வாளிலிருந்த கை கீழே இறங்கியது. ராஜாவுக்குக் கண் கலங்கியது. உலகப்பன் மெதுவாகச் சொன்னான்: "சோற்றுக்கும் அப்படித்தான், மகாராஜா. குழந்தைக்கு ஊட்டினவள் ஒரு பேர் வைத்திருப்பாள். விருந்து படைத்தவன் ஒரு பேர். அதையெல்லாம் சேர்த்து வைத்ததுதான் புலவர் செய்த பிழை. அன்று அவர் சாப்பாட்டு நேரம் பார்க்காதது இன்னொரு பிழை."

ராஜா முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு தோள் குலுங்க, கிரீடம் சரியச் சிரித்தார். தூதர்களும் தைரியம் வந்து சிரித்தார்கள். "அடுப்புக்கு அந்தச் சாசனம் போகட்டும். ஏடுகள் புலவர் வீட்டுக்குப் போகட்டும், பல்லக்கில்!" என்றவர், தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகப்பனுக்குப் போட்டார். "அது சரி, பிரதானியின் பேர் என்ன?"

"அதை என்னோடேயே வைத்துக்கொள்கிறேன், மகாராஜா. எனக்கு அவசியப்படும்," என்றான் உலகப்பன். அன்று முதல் பிரதானி அவனைப் பார்த்தால் நாலு தப்படி முன்பே கும்பிட ஆரம்பித்தார்.

சபை கலையும் நேரம். சங்கிலி பழையபடி முப்பத்திரண்டையும் கூவ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது: "குப்பாண்டி, சோறு ஆறுதுடா!"

சங்கிலி முதல் பேருக்கு வாயைத் திறப்பதற்குள் ராஜா இலை முன் உட்கார்ந்திருந்தார்.