காலிக் கட்டம்

மில் முதலாளி சிங்காரவேலர் காரில் ஏறியதும் பேப்பரில் குறுக்கெழுத்தைத்தான் பிரிப்பார். கடைசிக் கட்டம் நிரம்பாமல் இறங்கமாட்டார். டிரைவர் பேச்சிமுத்து மூன்று மாதமாக லீவு கேட்கிறான், கிடைத்தபாடில்லை.

"என்னால நிரப்ப முடியாத ஒரு கேள்வி கேளு, லீவு தர்றேன்" என்றார் ஒருநாள்.

"என் மக பேரு என்ன முதலாளி?"

பேப்பர் ஓரத்தில் கட்டம் போட்டு, தெரிந்த பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் இல்லையென்றான். மில் வாசல் வந்தும் அவர் இறங்கவில்லை.

"நீயே சொல்லித் தொலை."

"எனக்கும் தெரியாதுங்க. சிரிக்கிறா, கை நீட்டுறா, எல்லாம் போன்லதான் பாக்குறேன். அப்பன் வந்து காதுல சொல்லட்டும்னு இன்னும் பேரு வைக்கல."

முதலாளி காலிக் கட்டத்தையே பார்த்தார்.

"இன்னைக்கே போ. பேரை முதல்ல எனக்குச் சொல்லணும்."

"முதல்ல அவளுக்கு" என்றான் பேச்சிமுத்து.