காப்பி நிறப் பூ

கிரீச்சென்று திருகு முறுகும் சத்தம்தான் முதலில் கேட்கும். அப்புறம்தான், செடிகளைப் பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்கும் சடையாண்டி கண்ணில் படுவார். செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும் தாவரக் கூடத்தில் நான் காவலுக்கு இருந்த காலம். இன்றைக்கும் எங்காவது திருகு முறுகினால் அவர் ஞாபகம்தான்.

மலையில் அவர் பறித்துவந்த ஒரு புதர்ச்செடி, யாரும் இதுவரை அறியாத இனம் என்று தெரியவந்தது. பதிவுத்தாளில் பறித்தவர் என்ற இடத்தில் இயக்குநர் தணிகாசலம் தன் பெயரை எழுதிக்கொண்டார். சடையாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, அந்தச் செடியைப் பார்க்க வந்திருந்த வெளியூர் விஞ்ஞானிகள் முன்னாலேயே, "நீ பறிச்சதுக்குச் செடியா வந்து சாட்சி சொல்லும்?" என்றார்.

"நீங்க பறிச்சதாவே இருக்கட்டுங்கய்யா. படம் வரையறவர் காத்திருக்கார். பூ என்ன நிறம்னு மட்டும் சொல்லிடுங்க."

"காப்பி நிறம். தாள்ல ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?"

சடையாண்டி கொல்லைப்பக்கம் போய் ஒரு பால்பவுடர் டின்னைத் தூக்கிவந்தார். அதே செடியிலிருந்து ஒடித்து அவர் நட்டிருந்த கொம்பு, பளீரென்று நீலமாகப் பூத்திருந்தது.

"சாட்சி வந்திருக்குங்கய்யா. காய்ஞ்சாத்தான் இது காப்பி நிறம்."

வந்தவர்களில் ஒருவர் பேனாவைத் திறந்து இயக்குநர் பெயரை அடித்தார். "உங்க முழுப்பேர் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டுச் சடையாண்டி, பலகைகளுக்கு நடுவே செடிகளின் ஈரம் ஏறிய செய்தித்தாள்களை உருவிப் புதுத்தாள் மாற்றப் போனார். திருகு மறுபடி கிரீச்சிட்டது.