உம் கொட்டும் யந்திரம்

முன்னொரு காலத்தில் செங்கழனி என்ற நாட்டைக் கொற்றவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். கோபம் வந்தால் சீக்கிரம் போய்விடும். யோசனை வந்தால்தான் போகாது. காலையில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். தோன்றியதையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டும் இருப்பார். சொல்கிறவருக்கு எதிரில் உட்கார்ந்து 'ம்' கொட்ட ஓர் ஆள் வேண்டாமா? அந்த இடத்தில் இருந்தவர் அமைச்சர் அம்பலத்தாடி.

அம்பலத்தாடி ராஜாவிடம் ஒருநாளும் 'கூடாது' என்று சொன்னதில்லை. சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய ஆலோசனையெல்லாம் அந்த 'ம்'மில்தான் இருந்தது. நல்ல யோசனை என்றால் வெட்டென்று ஒரு 'ம்'. விபரீதம் என்றால் 'ம்ம்ம்...' என்று இழுத்து, அந்தரத்தில் நிறுத்திவிடுவார். "என்ன ஓய் இழுக்கிறீர்?" என்பார் ராஜா. பிறகு அவரே யோசித்துப் பார்த்து, அந்தப் பேச்சை விட்டுவிடுவார். நாடு பல வருஷங்களாக இப்படித்தான் பிழைத்துக் கிடந்தது.

அரண்மனைக் கொண்டாட்டங்களைக் கவனிக்கும் சிங்காரவேளாருக்கு இது பொறுக்கவில்லை. "ம் கொட்டுவதற்கு ஓர் அமைச்சர் பதவியா?" என்று வயிறெரிந்தார். வெளிதேசத்துத் தச்சர் ஒருவரைப் பிடித்து, ஒரு யந்திரம் செய்வித்துச் சபைக்குக் கொண்டுவந்தார். மரத்தில் முகம், உள்ளே தோல் துருத்தி, தொண்டையில் ஒரு குழல். பேசுகிறவர் நிறுத்தினால் துருத்தி இறங்கி, கணீரென்று 'ம்' என்று சத்தம் வரும்.

"அரசே, இது கொட்டாவி விடாது. இருமாது. முக்கியமாக, இழுக்காது" என்றார் சிங்காரவேளார்.

ராஜா அதன் எதிரில் உட்கார்ந்து தம் வேட்டைக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். புலி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாயிற்று. யந்திரம் ஒவ்வொன்றுக்கும் 'ம்' என்றது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அமைச்சரின் ஆசனம் சபையின் கடைசி வரிசைக்குப் போயிற்று.

அம்பலத்தாடிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு தோல் பையைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அவருக்கு யந்திரத்தின் மேல் கோபம் இல்லை. மனிதன் எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் தன் குரலைத்தான் அதில் கேட்டுப் பார்க்கிறான், அது திருப்பிச் சொல்வது இனித்தால் அறிவென்று பெயர் வைத்துவிடுகிறான் என்று நினைத்துக்கொண்டார். அவரும் ராஜாவாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்.

மழைக்காலம் வந்தது. ராஜாவுக்கு ஒரு யோசனையும் வந்தது. "நம் பெரிய ஏரியில் தெப்பத் திருவிழா நடத்தினால் என்ன? ஏரி கரை தளும்ப நிற்க வேண்டும். மிச்சத் தண்ணீர் வெளியே போகிற கலிங்கைப் பலகை போட்டு அடைத்துவிட்டால்?"

'ம்' என்றது யந்திரம்.

சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், கலிங்கை அடைத்து ஒரு மழை கொட்டினால் கரை உடையும். கீழே இருக்கிற ஊர்களில் ஒன்றுகூட மிஞ்சாது. எல்லோரும் அழகாகத் தலையசைத்தார்கள். கடைசி வரிசையிலிருந்து அம்பலத்தாடி இழுத்த இழுப்பு ராஜாவின் காதை எட்டவில்லை. அன்றே கலிங்கு அடைபட்டது.

மறுநாள் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அம்பலத்தாடி எழுந்து முன்னால் வந்தார். "அரசே, எனக்கும் ஒரு கதை சொல்ல ஆசை. இந்த யந்திரம் கேட்குமா?"

"தாராளமாக. இது ஆள் பார்க்காது ஓய்" என்றார் ராஜா.

"ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். மகா புத்திசாலி" என்றார் அமைச்சர்.

'ம்.'

"அவருக்கு ஓர் அமைச்சன். சுத்த மடையன்."

'ம்.' சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார்.

"ராஜாவைவிட அவருடைய குதிரைக்குப் புத்தி அதிகம்."

'ம்.'

சிரிப்பு நின்றது. ராஜாவின் கை வாளின் பிடிக்குப் போயிற்று. அமைச்சர் அதைப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை.

"அந்த ராஜாவைத் தள்ளிவிட்டுச் சிம்மாசனத்தில் ஏறத்தான் சிங்காரவேளார் ஒரு யந்திரம் செய்தார்."

'ம்' என்றது யந்திரம், கணீரென்று.

சிங்காரவேளார் அலறிப் புடைத்துக்கொண்டு ராஜாவின் காலில் விழுந்தார். "அரசே, அது வெறும் தோலும் மரமும். எதைச் சொன்னாலும் ம் கொட்டும். அதற்கு ஒரு மண்ணும் தெரியாது!"

"இதை நான் சொல்லியிருந்தால் பொறாமையில் சொல்கிறேன் என்பீர்கள்" என்றார் அம்பலத்தாடி. "செய்வித்தவரே சொல்லிவிட்டார். கலிங்கை அடைக்கச் சொன்னபோது வந்ததும் இதே 'ம்'தான், அரசே."

ராஜா மேற்கே பார்த்தார். "குதிரைகள் போகட்டும். பலகையைப் பிடுங்குங்கள், இப்போதே" என்றார். வீரர்கள் பறந்தார்கள். முதல் தூறல் விழுவதற்குள் கலிங்கு திறந்து, தண்ணீர் பாய்ந்தது.

ராஜா தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தி, தம் பக்கத்திலேயே உட்கார வைத்தார். பிறகு சிங்காரவேளாரைப் பார்த்தார். "நீர் கீழே இருக்கிற ஊர்களுக்குப் போம். வீடு வீடாக நின்று, கலிங்கை எதற்காக அடைத்தோம் என்று விளக்கிச் சொல்லும். அவர்கள் ம் கொட்டுகிறார்களா என்று கேட்டுவிட்டு வாரும்."

சிங்காரவேளார் போனதும் ராஜா யந்திரத்தின் முன்னால் நின்று வாளை உருவினார். "இந்தச் சனியனை ஒரே வெட்டாக வெட்டிப் போடுகிறேன். சரிதானே?"

'ம்' என்றது சபை முழுவதும் ஒரே குரலில். யந்திரம் கொஞ்சம் பிந்தி, 'ம்' என்றது.

ராஜா யந்திரத்தைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். எதை வெட்டுவது என்று தெரியாமல் வாளை ஓங்கியபடியே நின்றார்.