மைதீன் பிச்சை திருப்பிச் சொன்ன கதை

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஓடை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில், தொழில் செய்கிறவர்கள் சிலர் அதன் பாறைகளில் வந்து உட்காருவார்கள். திலகவதி அம்மாள்தான் அவர்களுக்குக் குரு. ஒரு காலத்தில் எண்ணெய் மில் நடத்தியவர். வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் கதையைச் சொல்ல வேண்டும். கேட்டவர்களில் ஒருவர் அதை ‘நான்’ என்று போட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அறிவுரை கிடையாது, ஆறுதல் கிடையாது.

பால்துரை அண்ணாச்சி முதல் தடவை வந்திருந்தார். தூத்துக்குடியில் ஐஸ் பாக்டரி வைத்திருப்பவர். மலை ஏறி மூச்சு வாங்கியதில் கொஞ்சம் எரிச்சலாக இருந்தார். பேசத்தானே வந்தோம், கீழே ஒரு ஏசி ஹாலில் உட்கார்ந்து பேசக்கூடாதா என்று கேட்டார்.

“ஹால்ல பேசினா யாராவது ஆறுதல் சொல்லிருவாங்க, அண்ணாச்சி. இந்த ஓடைக்கு அது தெரியாது” என்றார் திலகவதி.

பால்துரை எழுந்து நின்றே பேசினார். வர்த்தக சங்க மேடைகளில் பேசிப் பழகிய குரல். போன வருடம் பாக்டரியில் குழாய் வெடித்து அமோனியா கேஸ் பரவியது. உள்ளே இருந்த ஒரே மகன் சரவணராஜ் இறந்துபோனான். ஆனாலும் தான் துவண்டுவிடவில்லை என்றார். மறுவாரமே சென்னைக்குப் போய், கேஸ் கசிந்தால் சத்தம் போடும் கருவிகளை வாங்கி வந்து மாட்டினார். இன்றைக்கு அந்த வட்டாரத்திலேயே பாதுகாப்பான பாக்டரி அவருடையதுதான். இழப்பை உரமாக்கினேன் என்று முடித்தார்.

ஒருவர் கை தட்டப் போய், பக்கத்தில் யாரும் தட்டாததைப் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார். தொழிலில் இருப்பவர்களுக்கு எதையும் வெற்றிக் கதையாகச் சொல்லித்தான் பழக்கம். பிள்ளை செத்ததைக்கூட.

திலகவதி மைதீன் பிச்சையைப் பார்த்தார். அவர் கடையநல்லூரில் பேக்கரி வைத்திருப்பவர். தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாக ஆரம்பித்தார்.

“எனக்கு ஐஸ் பாக்டரி. குழாய் வெடிச்சு கேஸ் பரவிட்டு. என் மவன் உள்ள இருந்தான். செத்துட்டான். மறுவாரம் நான் சென்னைக்குப் போயி…”

அங்கேயே நின்றுவிட்டார். பிறகு திலகவதியைப் பார்த்தார்.

“என்னால முடியலம்மா. மவன் செத்த மறுவாரம் நான் மெஷின் வாங்கப் போனேனா? நடுவுல என்னமோ இருக்கணும். அத அண்ணாச்சி சொல்லல.”

மேலே மழை பெய்திருக்க வேண்டும், ஓடையில் தண்ணீர் கூடிக்கொண்டே வந்தது. தன் கதையை இன்னொருவர் வாயில் கேட்ட பால்துரை பாறையில் உட்கார்ந்தார். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

“அவன் போன் பண்ணினான். உள்ள மாட்டிக்கிட்டுப் பண்ணியிருக்கான். நான் எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். கட் பண்ணிட்டேன்.”

மற்றதையும் சொன்னார். மகன் கஷ்டப்படாமல் ஒரு நொடியில் போய்விட்டான் என்று மனைவி சொர்ணத்திடம் அவர்தான் சொல்லியிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவள் அதையே சொன்னாள். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிறாள். கேட்கும்போதெல்லாம் அவருக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும். அவள் காதில் விழுந்துவிடும் என்று வீட்டில் அவர் அழுததே இல்லை.

இங்கே அழுதார். வாய்விட்டு, அசிங்கமாக அழுதார். ஓடை தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. நாலு பாறை தள்ளி இருந்தவர்களுக்கு அவர் அழுவது கேட்கக்கூட இல்லை. யாரும் கிட்டே வந்து தோளைத் தட்டவில்லை. பார்க்கக் கொடுமையாக இருந்தது. ஆனால் அந்த இடம் அவரை அழுது முடிக்க விட்டது.

மைதீன் பிச்சை மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை, “என் மவன் போன் பண்ணினான். நான் கட் பண்ணிட்டேன்” என்று சொல்லும்போது அவர் குரலும் உடைந்தது. முழுக்கச் சொல்லி முடித்தார்.

எல்லோரும் இறங்கத் தொடங்கியபோது பால்துரை திலகவதி பக்கத்தில் வந்து நின்றார்.

“தாயி, சொர்ணத்துக்கிட்ட இதச் சொல்லலாமா? அவன் கஷ்டப்படாமப் போனான்ங்கிற ஒரு நம்பிக்கையிலதான் அவ உயிரோட இருக்கா. சொன்னா தாங்குவாளா?”

“அவங்க அத நம்புதாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வாரவங்ககிட்ட எல்லாம் அதையேதான சொல்லுதா.”

திலகவதி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“நம்புறவங்க எதுக்கு அண்ணாச்சி வாரவங்ககிட்ட எல்லாம் சொல்லணும்? அவன் கடைசியில என்ன பாடுபட்டானோன்னு ஒரு வருஷமா தனியா கிடந்து நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க சொல்றது அப்புறம் இருக்கட்டும். முதல்ல போயி அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு அவங்ககிட்ட கேளுங்க.”